முகம் தெரியாத கல்

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் ‘ரெண்டு நிமிஷம்’. அவருடைய முடிவெட்டும் கடைக்குள் யார் எட்டிப் பார்த்தாலும், நாற்காலியில் ஒருவரும் பெஞ்சில் ஒரு வரிசையுமாக ஆட்கள் இருந்தாலும், “உக்காருங்க, ரெண்டே நிமிஷம்” என்பார். அந்த ரெண்டு நிமிஷத்தில் வெளியே போய் வயிறாரச் சாப்பிட்டு, ஒரு சண்டையும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. வந்தவர்களையும் அவர் அதே மாதிரி வரவேற்பார்: “உக்காருங்க, ரெண்டே நிமிஷம்.”

வேலை சுத்தமான வேலை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் அடுத்த மாதம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரிடமும் நேருக்கு நேர் பேசமாட்டார். கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார். முடிவெட்டுகிறவர் ஆளின் பின்னால் நிற்கிறார். ஆளின் முகம் கண்ணாடியில்தான் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து இப்படியே நின்று நின்று, முகம் என்றால் கண்ணாடியில் தேடுவதுதான் என்று ஆகிவிட்டது. வெட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து “போதுமா?” என்பார். கண்ணாடிக்குள் ஒரு தலை ஆடும். துணியை உதறிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

இந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்ய உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது. அவருடைய மனைவி. பக்கத்துத் தெருத் துணிக்கடையில் வேலை. ஒரு சட்டைத்துணி வாங்க வந்தவரை மெத்தை உறையோடு அனுப்பிவைக்கிற வாய். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கடை வாசலில் வந்து நிற்பாள். இவர் திரும்பாமல், கண்ணாடியில் தெரியும் அவளைப் பார்த்து, “வெச்சுட்டுப் போ” என்பார்.

“நான் இங்க நிக்கிறேன். கண்ணாடிக்குள்ள இல்ல.”

“உள்ள இருக்கறவ கொஞ்சம் அழகா இருக்கா. அதான் அவகிட்ட பேசறேன்.”

“அப்படியா? அப்ப சாப்பாட்டையும் அவகிட்டயே வாங்கிக்குங்க.”

சொல்லிவிட்டுப் பாத்திரத்தோடு திரும்பி நடந்துவிடுவாள். பெஞ்சில் இருப்பவர்கள் சிரித்து உருளுவார்கள். சவரச் சோப்பு கையோடு இவர் தெருவில் பாதி தூரம் ஓடிப்போய்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வரவேண்டும். இது வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். இதைப் பார்ப்பதற்காகவே மதிய நேரத்தில் முடிவெட்ட வருகிறவர்கள் இருந்தார்கள்.

அந்த வாய்தான் ஒருநாள் நின்றுபோனது. துணிக்கடையில் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தவள் பாதி மடிப்பில் அப்படியே சரிந்தாள். மூளையில் இரத்த அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. வாயின் வலது ஓரம் கீழே இறங்கிவிட்டது. இனி இவ்வளவுதான் என்று மருத்துவர் மென்மையாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்று தெரிந்தது. என்ன கேட்டாலும் தலையை ஆட்டினாள். “தண்ணி வேணுமா?” ஆட்டுவாள். கொடுத்தால் குடிக்கமாட்டாள். “படுக்கறியா?” ஆட்டுவாள். “உக்காந்திருக்கியா?” அதற்கும் ஆட்டுவாள். உடற்பயிற்சி கற்றுக்கொடுக்க வரும் பெண், “ஆமாவும் இல்லையும் அவங்களுக்கு இப்ப ஒண்ணாக் கலந்து கிடக்கு மாமா. போகப் போகப் பிரியலாம்” என்றாள். ‘லாம்’ என்பதை அவள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்பதை அவர் கவனித்தார்.

எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்தவள், மழை பெய்கிறது என்றால் வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்பியவள், இப்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடையில் ஒவ்வொரு தலை ஆடும்போதும் அவருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. “போதுமா?” என்று கேட்பதற்கே தயக்கமாக இருந்தது.

இன்னும் சில விஷயங்கள் இருந்தன. அப்போது அவருக்கு அவை விஷயமாகவே தெரியவில்லை. குளியலறையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே, கடையில் இருப்பது போலவே பெரிய கண்ணாடி மாட்டியிருந்தார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தன் துண்டை அந்தக் கண்ணாடியின் மேல்தான் போட்டாள். இடது கையால் வீசுவாள். விழுந்தால் எடுத்து மறுபடி வீசுவாள். துண்டு காயப்போட இடம் தேடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவர் பக்கத்திலேயே அழகான கொக்கி ஒன்று அடித்துக் கொடுத்தார். அவள் கொக்கியைத் தொடவேயில்லை. கை குறி தப்புகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, தினமும் காலையில் கண்ணாடியிலிருந்து துண்டை எடுத்துக் கொக்கியில் மாட்டினார்.

கல்யாணமாகித் தொலைவில் இருக்கும் மகள் போனில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிடுவாள். போனை அம்மா கையில் கொடுத்தால், ஒரு கணம் பார்ப்பாள். பிறகு போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிடுவாள். மடிக்குள்ளிருந்து மகளின் குரல் மட்டும் வரும். “அப்பா, அம்மாவுக்கு என்னப் பாக்கப் பிடிக்கலயா?” என்று கேட்டு மகள் அழுதாள். “கை தளர்ச்சிம்மா” என்று சொல்லிச் சமாளித்தார்.

ஒருநாள் கை கழுவும் தொட்டி சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது. அவள் எழுந்திருக்கும்போது அதன் ஓரத்தைப் பிடித்து முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டிருக்கிறாள். பீங்கான் உடைந்து, அவளும் அதோடு விழுந்து, இடுப்பில் கன்றிப்போனது. பயிற்சிப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “ரெண்டு பக்கமும் சுவர் எழுப்பி, மேல நல்ல கல்லாப் போடுங்க மாமா. உக்காந்து முகம் கழுவ முக்காலி. புடிச்சு எழுந்திரிக்க உருண்டையா ஓரம்.”

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவள் விழுந்த நாளிலிருந்து தான் கையால் செய்து தரக்கூடியதாக ஒன்றாவது கிடைத்ததே என்ற உற்சாகம். கூடவே ஒரு பிடிவாதமும் வந்தது. அந்தக் கல்லை அவள்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். வீட்டில் ஒரு தட்டு வாங்குவதென்றாலும் ஒன்பது கடை ஏறி இறங்கியவள் அவள். அவள் தினம் பிடிக்கப்போகும் கல். ஒரே ஒரு தடவை, இது வேண்டும், அது வேண்டாம் என்று அவளிடமிருந்து வந்துவிட்டால், அவள் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். அது போதும் அவருக்கு.

கல் கடைக்கு அவளுடைய தம்பி தன் வண்டியில் அழைத்துப்போனான். லாரி ஓட்டுகிறவன், வாயில் அக்காவின் சாடை உண்டு. சக்கர நாற்காலியை இறக்கி, அக்காவைத் தூக்கி உட்காரவைத்தான். “மாமா, வெயிட் குறையவே இல்ல. நல்லாத்தான் பாத்துக்கறீங்க.”

“உங்கக்கா வாய்தான்டா குறைஞ்சுது” என்றார் அவர். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்றிருந்தது.

கல் கடை என்பது பெரிய தகரக் கொட்டகை. ஆள் உயரப் பலகைகள் புத்தகங்கள் போலச் சாய்ந்து நின்றன. எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் தூசி. கல்லுக்காரர் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியுமாக வந்தார். துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தால், அந்த இடத்தில் மட்டும் கல்லின் நிறம் விழித்துக்கொள்ளும்.

முதலில் வெள்ளை மார்பிள். “பாக்க லட்சணம்ணே. ஆனா எலுமிச்ச பட்டாக் கறை, சாயம் பட்டாக் கறை. பொத்திப் பொத்தி வெச்சுக்கணும்.”

“முடிச் சாயம் எங்க வீட்ல நாலு சுவர்லயும் இருக்கும். இது ஆகாது” என்றார் இவர். ஆனாலும் குனிந்து கேட்டார். “இது புடிச்சிருக்கா?”

தலை ஆடியது.

அடுத்தது பச்சைப் புள்ளி போட்ட கிரானைட். ஆடியது. அடுத்தது பழுப்பு. ஆடியது. ஆலையில் அச்சு வார்த்தது போல ஒரே சீராக இருந்த செயற்கைக் கல். அதற்கும் ஆடியது. அவர் சுற்றுமுற்றும் பார்த்து, மூலையில் யாருமே வாங்காமல் கிடந்த ஒரு சிவப்புக் கல்லைக் காட்டினார். மிளகாய்த்தூளைக் கொட்டிக் கால் வழுக்கி விழுந்த மாதிரி ஒரு நிறம். பழைய அவளாக இருந்தால், இதைக் காட்டியவனைக் கொட்டகையை விட்டே துரத்தியிருப்பாள்.

“இது?”

ஆடியது.

தம்பிக்குச் சூழ்நிலையைச் சகிக்க முடியவில்லை. “அக்கா, மாமாவையே மாத்திரலாமா? வேற நல்லதாப் பாக்கட்டுமா?”

அதற்கும் தலை ஆடியது. கல்லுக்காரர் உள்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. உடனே இடது கை எழுந்து வாயை மூடிக்கொண்டது.

அப்போதுதான் கல்லுக்காரர் கறுப்புக் கல்லுக்கு வந்தார். தண்ணீர்த் துணியால் பெரியதாக ஒரு இழுப்பு இழுத்தார். கொட்டகைக் கூரை, வாசல் வெளிச்சம், நிற்கும் ஆட்கள் எல்லாம் அந்தக் கல்லுக்குள் வந்துவிட்டன. “மிரர் பாலிஷ்ணே. இதுல மொகம் பாத்துச் சவரமே பண்ணலாம்.”

அவருக்கு மனம் துள்ளியது. தொழில் புத்தி. பளபளப்பைப் பார்த்தால் கை தானாகப் போய்த் தடவுகிறது. கல்லுக்குள் தன் முகத்தையும், பக்கத்தில் நாற்காலியில் அவள் முகத்தையும் பார்த்து, கல்லிடமே கேட்டார். “இது எப்படி?”

கல்லுக்குள் இருந்த தலை ஆடவில்லை. அது பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அவள் இடது காலால் தரையை உந்தி நாற்காலியை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பின்வரிசையில் ஒரு பலகையின் முதுகு இருந்தது. அறுத்தபடியே, பாலிஷ் போடாத சொரசொரப்பு. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

“வெயில் கண்ணுல அடிக்குதுபோல. அவளுக்குக் களைப்பாயிடுச்சு” என்றார் அவர். “கறுப்பே போட்டுருங்க. ஓரம் உருண்டையா இருக்கணும்.”

கொத்தனார் சுவர் எழுப்பினார். கல் வந்தது. மேலே புதிதாகத் தொட்டி பதித்து, ஓரத்தை உருட்டி, ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார்கள். அன்று அவர் கடையைத் திறக்கவில்லை. மேலே பெரிய கண்ணாடி, கீழே கண்ணாடி போன்ற கல். விளக்கைப் போட்டால் அறையே இரண்டு மடங்கு ஆகியது. தன் கடையில்கூட இப்படி ஒரு மேடை கிடையாது என்று நினைத்துக்கொண்டார். அவளை முதுகில் கை கொடுத்து அழைத்துவந்தார்.

“பாரு. உனக்காக.”

அவள் பார்த்தாள். மேலே பார்த்தாள்; கீழே பார்த்தாள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லின்மேல் போட்டு, ஒரே கையால் ஒவ்வொரு மூலையாக இழுத்து விரித்தாள். ஒரு மூலையை இழுத்தால் மறு மூலை சுருங்கியது. பொறுமையாக அதையும் இழுத்தாள்.

“ஈரமாயிடும்னு பாக்கறியா? கல்லுதானே. நனைஞ்சா நனையட்டும்” என்று சிரித்துக்கொண்டே துண்டை எடுத்தார்.

அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி விரித்தாள்.

“அட, விடும்மா.” மறுபடி எடுத்தார்.

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை, வெறும் சத்தம். உள்ளங்கையால் கல்லை அடித்தாள். இன்னொரு தடவை அடித்தாள். அவர் பயந்துபோய் அவளைப் பிடித்து, வெளியே கட்டிலுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அவள் உட்காரவேண்டிய இடம் அது. குனிந்தால் கல்லுக்குள் ஒரு முகம். நிமிர்ந்தால் கண்ணாடியில் அதே முகம். கண்ணை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. அந்த அறையில் முகத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

கொக்கி ஞாபகம் வந்தது. தினமும் காலையில் தான் எடுத்து எடுத்து மாட்டிய துண்டு ஞாபகம் வந்தது. மகளின் முகத்துக்குப் பக்கத்தில், போனின் மூலையில், சின்னக் கட்டத்தில் நம் முகமும் தெரியுமே, அது ஞாபகம் வந்தது. கல் கடையில் நாற்காலி திரும்பியது ஞாபகம் வந்தது. அவள் எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள். தினமும் சொன்னாள். இவர் தினமும் அதை மடித்துக் கொக்கியில் மாட்டினார்.

‘உள்ள இருக்கறவ கொஞ்சம் அழகா இருக்கா.’ தன் குரலே காதில் கேட்டது. அதற்குப் பிறகு அவரால் அந்த முக்காலியில் உட்கார முடியவில்லை.

மறுநாள் கல்லுக்காரரைக் கூப்பிட்டார்.

“பாலிஷை எடுக்கணும்.”

“எதை எடுக்கணும்?”

“பளபளப்ப. முகம் தெரியக் கூடாது.”

“அண்ணே, எல்லாரும் பாலிஷ் மங்கிடுச்சுன்னு அழுவாங்க. நீங்க ஒருத்தர்தான் மங்கலன்னு அழறீங்க” என்றார் கல்லுக்காரர். ஆனால் இவர் குரலில் ஏதோ இருந்திருக்கவேண்டும். மேற்கொண்டு கேட்காமல் தேய்க்கிற மெஷினோடு வந்துவிட்டார். தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்க்க, சாம்பல் நிறச் சேறு வழிந்தது. கழுவிப் பார்த்தால், விளக்கு அதன்மேல் வெறும் வெளுப்பாக விழுந்து கிடந்தது. பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி ஒரு மங்கல்.

கண்ணாடியை அவரே கழற்றினார். தூக்கிப் பிடிக்க மச்சான் வந்திருந்தான்.

“பத்திரமா வெப்போம் மாமா. அக்காவுக்குச் சரியானதும் மறுபடி மாட்டிக்கலாம்.”

அவர் சுண்ணாம்புப் பசையைக் குழைத்துக் கண்ணாடி இருந்த இடத்தின் திருகு ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கினார். மச்சான் பார்த்துக்கொண்டே நின்றான். போனின் மூலையில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினார். அன்று மாலை மகள் கூப்பிட்டபோது, அவள் போனைக் கவிழ்க்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் ஏதேதோ பேசினாள். எல்லாவற்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள். அது மாறவில்லை.

கல்லை அவள் ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஓரத்தைப் பிடித்து எழுந்தாள். துண்டு அதன்பிறகு கொக்கியில்தான் தொங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மருத்துவமனையில் ஒட்ட வெட்டிய முடி கழுத்துவரை தாறுமாறாக வளர்ந்திருந்தது. வாரத்தில் கடை நிரம்பும் நாள் அது. ஆனாலும் கத்தரியும் சீப்பும் கடைத் துணியும் எடுத்துவந்து, அவளை முக்காலியில் உட்காரவைத்தார். பின்னால் நின்று வெட்டினார். கத்தரிச் சத்தம் மட்டும் இருந்தது. முடி கறுப்புக் கல்லின்மேல் விழுந்தது. நரைத்தவை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன.

முடித்ததும் நிமிர்ந்து, பழக்கத்தில் எதிரே பார்த்துக் கேட்டார். “போதுமா?”

எதிரே சுவர் இருந்தது. அடைத்த ஓட்டைகளின் வெள்ளைத் தழும்புகள் இருந்தன. வேறொன்றும் இல்லை. தலையாட்ட அங்கே யாரும் இல்லை.

முக்காலிக்கும் கல்லுக்கும் நடுவில் இடம் குறைவு. பக்கவாட்டில் நுழைந்து, கல்லைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் முனக அவள் முன்னால் குந்தினார். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு வெளிச்சத்தில், எந்தக் கண்ணாடியிலும் விழாத அவள் முகத்தை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. வாயின் ஓரம் இறங்கியிருந்தது. அதில் கொஞ்சம் ஈரம். கன்னத்தில் வெட்டிய முடி ஒட்டியிருந்தது. அவள் கண்களை விலக்கவில்லை.

“போதுமா?”

தலை ஆடவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு அது பக்கவாட்டில் மெல்ல அசைந்தது. ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம். அது ‘இல்லை’தானா, கழுத்தில் முடி குத்தியதா, அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. அவர் அதை மறுபடி கேட்டுச் சோதிக்கவும் இல்லை.

எழுந்துபோய்ப் பின்னால் நின்று இன்னும் கொஞ்சம் வெட்டினார். திரும்பி வந்து குந்தினார். முகத்தைப் பார்த்தார். எழுந்தார். வெட்டினார். மறுபடி வந்து குந்தினார்.

கடை வாசலிலிருந்து யாரோ போனில் கூப்பிட்டார்கள். பூட்டின கதவுக்கு வெளியே நிறையப் பேர் நிற்கிறார்களாம். எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். அவர் வழக்கமாகச் சொல்வதை அன்று சொல்லவில்லை.

“நேரமாகும்” என்றார். “காத்திருக்காதீங்க.”